பன்னிரண்டு தனிக்கூண்டுகள்

பச்சை ஒன்று. அதை ஒட்டி இன்னொரு பச்சை, ஆனால் அதன் மேல் சிவப்பு இல்லை, அதனால் அது கணக்கில் சேராது. பச்சையும் சிவப்பும் ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மஞ்சளாகத் தெரிந்தால்தான் கையிலிருக்கிற எண்ணும் கருவியைக் கட்டைவிரலால் அழுத்தலாம். பச்சை என்றால் மூளையில் அடிபட்ட பிறகு பிறந்த செல். சிவப்பு என்றால் நரம்புச்செல். இரண்டும் சேர்ந்தால் அடிபட்ட பிறகு புதிதாகப் பிறந்த நரம்புச்செல், அதற்கு ஒரு அழுத்து, அவ்வளவுதான் என் உத்தியோகம். மதியம் இரண்டரைக்கு இந்த மைக்ராஸ்கோப் அறைக்குள் வந்து கறுப்புத் திரையை இழுத்துவிட்டேன். வெளியே கேளம்பாக்கத்துச் சித்திரை வெயில் கண்ணைக் குத்திக்கொண்டிருக்கும், உள்ளே அது தெரியாது, ஏசியின் முனகலும் விளக்குப் பெட்டியின் விசிறிச் சத்தமும்தான். ஒரு எலியின் மூளையைத் தலைமுடியில் பாதிப் பருமனுக்குச் சீவி, ஆறில் ஒரு சீவலை எடுத்துச் சாயம் ஏற்றி ஸ்லைடில் ஒட்டி வைத்திருக்கிறது. எலிக்குப் பத்துச் சீவல். இருபத்து நான்கு எலிகள். இருபத்து மூன்று முடிந்துவிட்டது, இது கடைசி, இதில் இது நான்காவது சீவல். ஐந்து மணிக்கு இந்த ஆராய்ச்சியைச் செய்கிற மலரக்கா உறையோடு வருவாள். அதற்குள் அந்த விஷயத்தை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ய உட்கார்ந்தால் எண்ணிக்கை தவறுகிறது, எண்ண உட்கார்ந்தால் முடிவு நழுவுகிறது. பதினொன்று. பன்னிரண்டு. இந்த ஓரத்தில் இருப்பது ஒன்றா இரண்டா, ஒன்று பிரிந்து இரண்டாகிக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டதா, ரொம்ப நேரம் பார்க்கவும் முடியாது, வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் சாயம் வெளுத்துவிடும். பார்க்கப் பார்க்க இல்லாமல் போகிற பொருளை எண்ணுவதற்கு எனக்கு மாதச் சம்பளம்.

எலியின் மூளைக்கு நடுவில் நீர் தேங்கிய ஒரு குகை இருக்கிறது. இதோ, சீவலின் நடுவில் கறுப்பாக ஒரு கீற்று, அதுதான். அதன் சுவரை ஒட்டி ஸ்டெம் செல்கள் கிடக்கின்றன. பெரும்பாலும் உறக்கம்தான் அவற்றுக்கு. ஏதோ ஒன்று தட்டி எழுப்பினால் ஒன்று எழுந்து இரண்டாகப் பிரியும், பிரிந்ததில் ஒன்று சுவரிலேயே தங்கிவிடும், மறுபடி ஸ்டெம் செல்லாகவே இருந்துகொள்ளும், மற்றது கிளம்பிப் போகும். முதன்முதல் மலரக்கா இதைக் காகிதத்தில் படம் போட்டுச் சொன்னபோது எனக்கு எங்கள் அண்ணன் ஞாபகம்தான் வந்தது, அவன் வள்ளியூரில் சைக்கிள் கடையிலேயே இருந்துகொண்டான், நான் கிளம்பினேன். கிளம்புகிறது பிறகு மேலும் சில முறை பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி, மூக்குக்குப் பின்னால் வாசனை அறியும் பகுதிக்குப் போகும், அது அவற்றின் பழகிய பாதை. பக்கத்தில் எங்காவது ரத்தக்குழாய் அடைபட்டுக் காயமானால் சிலது அந்தப் பாதையை விட்டு விலகிக் காயத்தைப் பார்த்து நகரும். யார் சொல்லி நகர்கிறது, காயத்திலிருந்து ஏதோ கசிகிறது என்கிறார்கள், அதை முகர்ந்துகொண்டு போகிறதோ என்னவோ. போய்ச் சேர்ந்ததில் முக்கால்வாசி சில வாரத்தில் செத்துப்போகும். அங்கே ஏற்கெனவே இருக்கிற செல்களோடு பேச்சுவார்த்தை கிடைத்தால் தங்கும், கிடைக்காவிட்டால் போய்விடும், மலரக்கா அன்றைக்குப் பேச்சுவார்த்தை என்ற சொல்லைத்தான் சொன்னாள், அதற்குப் பிறகு எத்தனையோ படித்துவிட்டேன், எனக்கு அந்தச் சொல்லே நிற்கிறது. மனிதனுக்கு வளர்ந்த பிறகும் இப்படிப் புதுச்செல் பிறக்கிறதா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள், உண்டு என்று ஒரு கூட்டம், இல்லை என்று ஒரு கூட்டம். என் தலைக்குள்ளும் ஒரு குகைச் சுவர் உண்டு. அங்கே யாராவது விழித்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. பத்தொன்பது. இருபது. இந்தச் சீவலுக்கு இருபது. எழுதினேன்.

ஐந்தாவது சீவல். இந்த எலிக்குப் பெயர் விளமீன். எந்த ஸ்லைடு எந்த எலியுடையது என்று எண்ணுகிறவனுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மனசு விரும்புகிற பக்கம் விரல் சாய்ந்துவிடும், அதனால் மலரக்கா எண்களை மறைத்துக் காகிதம் ஒட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு மீன் பெயர் எழுதியிருக்கிறாள். குளச்சல்காரி, இருபத்து நான்கு மீன் பெயர் யோசிக்க அவளுக்கு இரண்டு நிமிஷம் ஆகவில்லை. சாளை, நெத்திலி, அயிலை, வாளை, பாரை, ஊளி. எந்த மீன் எந்த எலி என்கிற பட்டியல் ஒட்டிய உறைக்குள் இருக்கிறது, உறை அவள் பையில் இருக்கிறது. எனக்கு உறை வேண்டியதில்லை. விளமீன் யாரென்று எனக்குத் தெரியும். சீவலின் மேல் மூலையில் ஒரு சின்னக் கிழிசல், மண்டை ஓட்டை உடைத்து மூளையை வெளியே எடுக்கும்போது என் கத்தரி நுனி பட்டது, அன்றைக்குக் கை நடுங்கியது, இருபத்து நான்கில் ஒரே ஒரு எலிக்குத்தான் நடுங்கியது. பதினெட்டு. நீ பதினெட்டாம் எலிதானே. மூளையின் இடப்பக்கம் அடைப்பு உண்டாக்கினால் வலது முன்னங்கால் இழுக்கும், மற்றவை நாலைந்து நாளில் தேறிவிட்டன, பதினெட்டு இரண்டு வாரம் இழுத்துக்கொண்டே வந்தது. இழுத்துக்கொண்டு வந்த காலுக்காக மூளைக்குள் நடந்த வேலை இந்தப் பச்சைப் புள்ளிகள்தான். ஐந்து, ஆறு, ஏழு. இவ்வளவு பேர் கிளம்பி வந்திருக்கிறீர்கள், எதற்கு வந்தீர்கள், யார் கூப்பிட்டார்கள்.

அதுதான் கேள்வி, யார் கூப்பிட்டார்கள். மலரக்காவின் ஆராய்ச்சியே அதுதான். எல்லா எலிக்கும் ஒரே மாதிரி மூளையில் சின்ன அடைப்பு, மறுநாளிலிருந்து பன்னிரண்டு எலிகளைக் கூண்டுக்கு நான்காக மூன்று கூண்டில் வைத்தோம், மீதிப் பன்னிரண்டைக் கூண்டுக்கு ஒன்றாக வைத்தோம். ஆறு வாரம். சேர்ந்திருக்கிறவற்றின் மூளை நன்றாகப் பழுது பார்த்துக்கொள்ளும், தனித்திருக்கிறவற்றின் மூளையில் புதுச்செல் பிறப்பது குறையும், பிறந்தாலும் தங்காது, இதுதான் நாங்கள் எதிர்பார்த்தது. அப்படியானால் சீவலுக்குச் சராசரி இத்தனை என்று நான் எழுதி வைத்திருக்கிற எண்கள் இரண்டு குவியலாக விழ வேண்டும், ஒரு குவியல் இருபதுக்குப் பக்கத்தில், இன்னொன்று பத்துக்குப் பக்கத்தில். விழவில்லை. சாளைக்கும் இருபது, வாளைக்கும் இருபத்தொன்று, ஊளிக்குப் பத்தொன்பது. இருபத்து மூன்றும் ஒரே குவியல். உறையைப் பிரிக்காமலே எனக்குத் தெரிகிறது, தனிக்கூண்டு எலிகளுக்கு ஒரு குறையும் இல்லை. நாளைக்கு மலரக்கா அதைத்தான் எழுதுவாள். மூளையில் அடிபட்ட பிறகு தனிமை ஒன்றும் செய்யாது. மலரக்காவின் கைடு சார் அடுத்த மாதம் ஏதோ ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கூட்டத்தில் பேசப்போகிறார், பக்கவாத நோயாளிகளைக் கவனிக்கிற டாக்டர்கள், அங்கே ஒரு படத்தில் இந்த ஒரே குவியலைக் காட்டுவார், யாரோ ஒரு டாக்டர் நோட்டில் ஒரு வரி குறித்துக்கொள்வார், எங்கேயோ ஒரு வார்டில் வாய் கோணிப் படுத்திருக்கிற ஒருத்தர் பக்கத்தில் யாரும் உட்கார வேண்டிய அவசரமில்லை என்று ஆகிவிடும். இவ்வளவு தூரம் போகாது, எலி வேறு மனிதர் வேறு. போகாது என்று எனக்கு எப்படித் தெரியும். பதினாறு. பதினேழா, எண்ணினேனா இதை, திரும்ப முதலிலிருந்து.

தனியாக இருந்தவை தனியாக இல்லை. இதுதான் விஷயம். எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவற்றோடு நான் பேசினேன். தனிக்கூண்டு அறைக் கதவில் நான்கு விதி ஒட்டியிருக்கிறது, நானே தட்டச்சு செய்து நானே ஒட்டியது. உள்ளே பேசக்கூடாது. கூண்டைத் திறந்து எலியைக் குழாயில் ஏற்றித் தராசில் வைத்து எடை எழுதி ஒரு நிமிஷத்துக்குள் திரும்ப விட வேண்டும். கையில் ஏந்தக்கூடாது. இரண்டு கூண்டை ஒரே நேரத்தில் திறக்கக்கூடாது. நான்காவது விதியை மட்டும்தான் நான் மீறவில்லை. பதினெட்டு மூன்றாம் நாள் தீனி தின்னவில்லை, கட்டியான தீனியைப் பிடித்துக் கடிக்க அதற்கு இரண்டு கையும் வேண்டும், ஒரு கை இல்லை. தீனியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம் என்று பரிசோதனை நோட்டில் இருக்கிறது, கொடுத்தேன், கூண்டுக்குள் வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது, உள்ளங்கையில் வைத்து நீட்டினால் தின்றது. தின்ன நேரம் எடுக்கும். கையில் ஒரு உயிர் தின்றுகொண்டிருக்கும்போது சும்மா எப்படி நிற்பது. என்னமோ வாயில் வந்தது. வீட்டில் தாத்தா சொல்கிற பல்லிக் கதைதான் வந்தது. ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்காரருக்குப் பெண் கொடுக்க முடியாது என்று சொல்லிவரப் பல்லியைத் தூது விட்டாராம், வழியில் கதவிடுக்கில் வால் அறுந்து, வாலோடு பாதிச் சேதியும் போய்விட்டதாம், போய்ப் பெண் கொடுக்க என்றதோடு நிறுத்திக்கொண்டதாம், அவர்கள் தாம்பூலம் மாற்றிவிட்டார்களாம். வால் திரும்ப முளைத்தபோது முடியாது என்பதும் ஞாபகம் வந்ததாம், ஓடிப்போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் தொட்டில் கட்டியிருந்ததாம். பதினெட்டு தின்று முடித்துவிட்டது, கதை தொட்டிலுக்கு வரவில்லை, அடுத்த கூண்டில் பத்தொன்பது மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது, அதற்கு மிச்சத்தைச் சொன்னேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

பிறகு அது ஒரு முறையாகிவிட்டது. பதின்மூன்றாம் கூண்டில் ஆரம்பித்து இருபத்து நான்கில் முடிப்பேன், ஒரு கதை பன்னிரண்டு துண்டு. பதின்மூன்றுக்கு எப்போதும் ஒரு ஊரில் ஒரு ராஜா மட்டும்தான் கிடைக்கும், இருபத்து நான்குக்கு எப்போதும் கல்யாணம், நடுவில் இருக்கிற பதினெட்டுக்குக் காடும் தண்ணீர்த் தாகமும். இது நியாயமில்லை என்று பட்டது, ஒரு ராத்திரி படுத்துக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன், இருபத்து நான்கு வயது ஆள் எலிக்குக் கதை பங்கு வைப்பதில் நியாயம் பார்த்துக்கொண்டு. மறுநாளிலிருந்து தினம் ஒரு கூண்டு தள்ளி ஆரம்பித்தேன். எலிக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிற கஜபதி அண்ணன் ஒருநாள் தீவனச் சாக்கோடு கதவைத் தள்ளிவிட்டார். சாக்கை இறக்காமலே நின்று பார்த்தார். “இன்னா தம்பி, மீட்டிங்ல வாயே தொறக்க மாட்ற, இங்க வந்து பொளந்து கட்ற,” என்றார். “கத முடிஞ்சா அது இன்னா, கை தட்டுமா?” நான் எடை எழுதுகிறதாகப் பாசாங்கு செய்தேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லக்கூடிய பெரிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்கும்தான் தோன்றவில்லை. அதுதான் இப்போது நெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆறு வாரமும் இந்தக் கூண்டுகள் தனிமைக்காக வைத்திருக்கிற கூண்டுகள் என்று தெரிந்துகொண்டேதான் பேசினேன், தெரிந்தும் பேச்சு வேறு தனிமை வேறு என்று எப்படி இருந்தது. ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்பது தெரியாத அளவுக்கு எனக்குப் பேச்சில் பழக்கம் விட்டுப்போயிருந்ததோ.

ஆறாவது சீவலுக்கு இருபத்திரண்டு. ஏழாவது. மணி நாலு பத்து. எலிக்கு நாம் பேசுவது சரியாகக் கேட்காது என்று பிறகு படித்தேன். அவற்றின் காது கீச்சென்ற சத்தத்துக்கு ஆனது, நம் தொண்டையின் அடித்தொனி அவற்றுக்கு எட்டாது, சொற்களில் வருகிற உரசல் மட்டும், காற்று கசிகிற சத்தம் மட்டும் கொஞ்சம் எட்டலாம். அதுவும் என் குரல். நீ பேசுறது உனக்காவது கேக்குதாடா என்று என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற ஜெகதீசன் கேட்பான், அதுவும் அவன் விழித்திருக்கும்போது, அவனுக்கு நைட் ஷிஃப்ட், நான் கிளம்பும்போது அவன் போர்வைக்குள் இருப்பான், நான் வரும்போது அவன் கிளம்பியிருப்பான், எட்டு மாதமாக நாங்கள் ஒரே தலையணை உறையைத்தான் மாற்றி மாற்றித் துவைக்கிறோம். அம்மா போன் செய்தால் சாப்பிட்டியா என்பாள், சாப்பிட்டேன் என்பேன், வேற என்ன என்பாள், ஒண்ணுமில்ல என்பேன், சரி வை என்பாள். சனிக்கிழமை சாயங்காலம் மெஸ்ஸில் டோக்கன் கொடுத்துவிட்டு வந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை எடை பார்க்கப் போகிறவரைக்கும் வாயைத் திறக்க வேலை இராது, அன்றைய கதையின் முதல் சொல்லுக்குத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படியானால் என் கதை ஒன்றும் செய்திருக்காது, காதிலேயே விழாதது மூளையில் என்ன செய்யும், எண்கள் உண்மையாகவே ஒரே குவியல்தான், தனிமை ஒன்றும் செய்யாதுதான், நான் வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் கை. கை இருந்ததே. பேசின நேரமெல்லாம் அது உள்ளங்கையில் இருந்தது. முதல் வாரம் ஏந்தினால் உடம்பு முழுக்கக் கல்லாக இருக்கும், இதயம் அடிப்பதே தெரியாத வேகத்தில் அடிக்கும், மூன்றாம் வாரம் கூண்டைத் திறந்தால் பதினெட்டு தானாக வந்து ஏறும். ஏறி, விரலிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு கண்ணை மூடும். காட்டில் ராஜகுமாரன் தண்ணீருக்கு அலைவான். அதற்கு அது எதுவும் வேண்டாம், என் கைச்சூடுதான் வேண்டியிருந்திருக்கும். எனக்கு என்ன வேண்டியிருந்தது. நல்ல வேளை, அந்தக் கேள்வியை எந்த உறைக்குள்ளும் போட்டு ஒட்டவில்லை.

இன்னொரு வழி இருக்கிறது. அதை நான் நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன், நினைத்தேன், இப்போதும் விரல் நுனியில் இருக்கிறது. இது பதினெட்டு என்று எனக்குத் தெரியும். கிழிசலைப் போலவே வேறு சில அடையாளங்களும் இப்போது நினைத்துப் பார்த்தால் புரிகின்றன, நெத்திலி இருபத்தொன்றாம் எலியாக இருக்கலாம், பாரை பதினாறு. திரும்ப எண்ணினேன் என்று சொல்லி அவற்றுக்குக் குறைத்து எழுதலாம். ஓரத்தில் மங்கலாக இருக்கிறதை விட்டுவிட்டால் போதும், சந்தேகமானது எல்லாச் சீவலிலும் ஏழெட்டு இருக்கிறது, விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அப்போது இரண்டு குவியல் விழும். தனிமை மூளையைப் பாதிக்கிறது என்று சரியான விஷயம் சரியாக வெளியே வரும். பொய்யாக எண்ணினால் உண்மை கிடைக்கிறது, ஒழுங்காக எண்ணினால் பொய் கிடைக்கிறது. இதை எத்தனை தடவை சுற்றி வந்தாலும் அதே இடத்தில் முட்டுகிறது. ஆனால் அது உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும், நான் பேசியிருக்காவிட்டால் எண் குறைந்திருக்கும் என்பதை யார் பார்த்தார்கள். பேசாமல் இருந்த பதினெட்டு என்று ஒரு எலி எங்கேயும் இல்லை. ஒன்பது. பத்து. இந்த மங்கலானது. விடலாம். விடவில்லை, அழுத்திவிட்டேன்.

சொன்னால் என்ன ஆகும். பன்னிரண்டு எலிகளையும் தள்ள வேண்டும். செத்தது செத்ததுதான், இன்னும் பன்னிரண்டைச் சாகடிக்க வேண்டும். அதையாவது தாங்கலாம் என்று நினைக்கும்போது மலரக்காவின் மகள் கண் முன்னால் வந்து நிற்கிறாள். ஆன்சலின், நாலரை வயது, நாகர்கோவிலில் அப்பாவோடு இருக்கிறாள், அவர் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். மலரக்கா தினமும் சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். முன்பெல்லாம் அந்தப் பிள்ளை போனைப் பிடுங்கும், நாக்கால் நக்கும், இப்போது கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்பா பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. வெட்கப்படுதாக்கும் என்று மலரக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள், சொல்லிவிட்டு மருந்து உறிஞ்சுகிற ஒரு பைப்பெட்டை இரண்டு தடவை கழுவினாள். இந்த எண்ணிக்கைதான் அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். எழுதிக் கொடுத்துவிட்டால் மே கடைசியில் பெட்டி கட்டலாம். நான் வாயைத் திறந்தால் அந்தப் பெட்டியை நான்தான் திரும்பப் பிரித்து வைக்கிறேன். எதற்காக. எனக்குப் பேச ஆளில்லாமல் போனதற்காக. இதை எந்த வாயால் சொல்வது, எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது, அக்கா ஒரு விஷயம் என்றா, அக்கா கோவிச்சுக்காதீங்க என்றா. எட்டாவது சீவலுக்கு இருபது. மணி ஐந்தாகவில்லை. ஐந்தாகிவிட்டதா.

வெளியிலிருந்து கதவைத் தட்டினாள். வெளிச்சம் படுமோ, உள்ளே வரலாமா என்று கேட்டாள், நான் விளக்கின் மூடியைத் தள்ளி அடைத்துவிட்டு வரச் சொன்னேன். திரைக்குள் தலையை நுழைத்து, ஒருநாளும் இல்லாத உற்சாகத்தோடு வந்து இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆன்சலினுக்கு ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறதாம், முதல் நாள் அம்மாதான் கொண்டுவிட வேண்டும் என்று இன்றைக்குத் தானாகவே போனில் சொன்னதாம், ஒளிந்துகொள்ளவில்லையாம். எத்தனை சீவல் பாக்கி என்று கேட்டாள், இரண்டு என்றேன். முடி மக்கா, நான் போய் டீக்குச் சொல்லிட்டு வாறேன், வந்து ரெண்டு பேருமாப் பிரிப்போம் என்று உறையைப் பையிலிருந்து எடுத்து விசிறிக்கொண்டு எழுந்தாள்.

“அக்கா, அதைப் பிரிக்காதீங்க.”

“ஏம்ல?”

“தனிக்கூண்டு எலிககிட்ட நான் பேசிக்கிட்டு இருந்தேன்.”

அவள் சிரித்தாள். எலியிடம் யார்தான் பேசவில்லை, தான்கூட எத்தனையோ தடவை திட்டியிருக்கிறதாகச் சொன்னாள். திட்டு இல்லை, தினமும், கையில் வைத்துக்கொண்டு என்றேன். கணினித் திரையின் நீல வெளிச்சத்தில் அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, எடுத்துக்கொண்டு போக மறந்துபோன பொருள் மாதிரி. பிறகு திரும்ப ஸ்டூலில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள். எத்தனை நாள். ஆறு வாரமும். எவ்வளவு நேரம். கூண்டுக்கு நாலு நிமிஷம், சில நாள் கூட. காலையிலா சாயங்காலமா. இரண்டு நேரமும். பன்னிரண்டுக்குமா. பன்னிரண்டுக்கும். எந்தக் கேள்வியிலும் கோபம் இல்லை, பரிசோதனையின் நோட்டில் விட்டுப்போன கட்டங்களை நிரப்புகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினாள். விளக்குப் பெட்டியின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

“கூட்டமா இருந்ததுககிட்டயும் இப்படித்தானே பேசியிருப்பே?” என்றாள். மெதுவாகக் கேட்டாள்.

எனக்குப் புரிந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கையில் எடுத்திருந்தால், ஒரே மாதிரி பேசியிருந்தால், அது இரண்டு பக்கத்துக்கும் பொது, தள்ளுபடி. எல்லா எலிகளும் தினமும் கையாளப்பட்டன என்று ஒரு வரி எழுதினால் போதும், ஆராய்ச்சி நிற்கும், பெட்டி கட்டலாம். அவள் பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்கத்தான் செய்தாள். நான் சொல்கிற ஆமாவை வாங்கிக்கொள்ள அவள் தலை ஏற்கெனவே கொஞ்சம் அசைய ஆரம்பித்திருந்தது. ஆமா. இரண்டே எழுத்து, என் குரலில் அது கேட்கக்கூட வேண்டியதில்லை, நான் தலையை ஆட்டினாலும் போதும். மூன்று கூண்டுகள் கண்ணில் வந்தன. மூலையில் நான்கும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒரே பந்தாகத் தூங்கும், எடை பார்க்க ஒன்றை எடுத்தால் அந்தப் பள்ளத்தில் மற்ற மூன்றும் சரிந்து வந்து மூடிக்கொள்ளும். அவற்றின் முன்னால் எனக்குப் பேச்சே வந்ததில்லை. தராசில் வைத்தேன், எழுதினேன், விட்டேன், நாற்பது விநாடி.

“இல்லக்கா,” என்றேன். “அதுகளுக்கு எதுக்கு?”

திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை. உறையைப் பைக்குள் வைத்தாள். சாரிடம் நாளைக் காலையில் சொல்ல வேண்டும், தானும் கூட வருவதாகச் சொன்னாள். அனுமதி வாங்க ஒரு மாதம், எலி வர ஒரு மாதம், அறுவை, ஆறு வாரம், சீவ, சாயம் ஏற்ற, எண்ண என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தவள் ஒரு கை தீர்ந்து மறுகைக்குப் போகும்போது நிறுத்திக்கொண்டாள். “கிறிஸ்மஸ் தாண்டிரும்,” என்றாள், என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பைக்குள் போன் வெளிச்சம் போட்டது. எடுத்துப் பார்த்தாள், அது ஆன்சலினின் முகமாகத்தான் இருக்கும், மடியில் கவிழ்த்து வைத்தாள், அது அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. மன்னிச்சிருங்க என்கிற சொல் என் வாய்க்குள் இருந்தது, அதை வெளியே விட்டால் அவள் அதற்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்த வேலையையும் அவளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று விழுங்கினேன். இப்போது எழுந்து போய்விடுவாள், திரை விலகி ஒரு துண்டு வெயில் விழுந்து மூடும், நான் இங்கேயே இருப்பேன் என்று நினைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. ஸ்டூலை இழுத்து மேஜைக்குப் பக்கத்தில் போட்டாள், நான் எழுதி வைத்திருந்த தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள், என் பேனாவை எடுத்தாள். பாக்கி இரண்டையும் எண்ணு என்றாள்.

“இனி எதுக்குக்கா. இதைத் தள்ளத்தானே போறோம்.”

“தள்ளுறதா இருந்தாலும் எண்ணி எழுதித்தான் தள்ளணும்,” என்றாள். “பாரு.”

மூடியைத் திறந்தேன். ஒன்பதாவது சீவல் இருட்டிலிருந்து மெல்ல மேலே வந்தது, நடுவில் குகை, அதன் ஓரத்தில் பச்சைகள், அங்கிருந்து காயம் வரைக்கும் சிதறிக்கொண்டே போன பச்சைகள். இத்தனை நாளும் வாய்க்குள்ளேதான் எண்ணியிருக்கிறேன், இன்றைக்கு எழுதுகிறவள் அவள், அவளுக்குக் கேட்க வேண்டும்.

“ஒண்ணு,” என்றேன்.

“உம்,” என்றாள்.

“ரெண்டு.”

“உம்.”